கயிறு போற வழியில போ

12 ஆகஸ்ட் 2024, திங்கள் – சாத்தம்

தம்பி வீட்டில் மின்விசிறி கிடையாது. "வருஷத்துல நாலு நாள் வெயிலுக்கு ஃபேன் எதுக்குக்கா?" என்று கேட்டவன், நேற்று ராத்திரி முழுக்கத் தூங்காமல் ஜன்னலோரமாக உட்கார்ந்திருந்தான். இந்த வருஷத்திலேயே இன்றுதான் வெயில் அதிகம் என்று இரவுச் செய்தியில் சொன்னார்கள். கேம்பிரிட்ஜில் 34.8 டிகிரியாம். தூத்துக்குடிக்காரிக்கு இதெல்லாம் ஒரு வெயிலே இல்லை. ஆனால் இங்கே வீடு, பஸ், கடை எல்லாம் சூட்டை உள்ளே பிடித்துவைக்கிற மாதிரி கட்டியிருக்கிறார்கள். காலை பத்து மணிக்கே சுடிதார் முதுகில் ஒட்டிக்கொண்டது.

தம்பி இருப்பது இங்கிலாந்தின் கென்ட்டில், கில்லிங்ஹாமில். அடுத்த ரயில் நிலையம் சாத்தம். மெட்வே ஆற்றங்கரையில் நானூறு வருஷத்துக்கு மேலாகக் கடற்படைக் கப்பல்கள் கட்டிய இடம் அது. 1984-ல் தளத்தை மூடிவிட்டார்கள். இப்போது காட்சியகம். பள்ளி விடுமுறை என்பதால் தம்பி மகளும் கூட வந்தாள். பதினோரு வயது. "கயிறைப் பாக்கவா அத்தை பிளேன் ஏறி வந்தீங்க?" என்று பஸ்ஸில் கேட்டாள். ஆமாம், கயிற்றைப் பார்க்கத்தான்.

அப்பா தோணியில் கடலோடியாக இருந்தவர். தோணிகளில் இன்ஜின் வைப்பதற்கு முன்பு, பாயை மட்டும் நம்பித் தூத்துக்குடியிலிருந்து கொழும்புக்குப் போய்வந்த காலம். கரையில் இருக்கும் நாட்களில் எங்களுக்கு அவர் கொடுக்கிற ஒரே வேலை, துணி காயப்போட்ட கொடிக்கயிற்றை அவிழ்த்துச் சுருட்டிவைப்பது. நான் கைப்போக்கில் இடப்பக்கமாகச் சுற்றுவேன். "ஏட்டி, கயிறு போற வழியில போ" என்று சத்தம் வரும். பிடுங்கி உதறி, வலப்பக்கமாகச் சுற்றிக் காட்டுவார். ஏன் என்று அவரும் சொன்னதில்லை, நானும் கேட்டதில்லை. அவர் போய் இருபத்திரண்டு வருஷம் ஆகிறது.

காரணத்தை இன்றைக்குத்தான் தெரிந்துகொண்டேன்.

சாத்தமில் 1618-லிருந்து கயிறு திரிக்கிறார்கள். இப்போது நிற்கும் கயிற்றுக்கூடம் 1786-க்கும் 1791-க்கும் நடுவில் கட்டியது. செங்கல் கட்டடம், நீளம் 346 மீட்டர். உள்ளே நுழைந்து தலையை நிமிர்த்தியதும் ராமேஸ்வரம் மூன்றாம் பிராகாரம் நினைவுக்கு வந்தது. அதேபோலத் தூண்களின் வரிசை, அதேபோலக் கடைசி முனை புள்ளியாகச் சுருங்கி நிற்பது. தரையில் தண்டவாளம். ஓரத்தில் ஒரு சைக்கிள் சாய்ந்திருந்தது. இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடந்தால் கால் கழன்றுவிடும் என்பதால் வேலைக்காரர்கள் சைக்கிளில்தான் போய்வருகிறார்கள். காட்சிக்கு வைத்த சைக்கிள் இல்லை. இங்கே இன்றும் கயிறு திரித்து விற்கிறார்கள். 1811-ல் வந்த இயந்திரம் இன்னும் ஓடுகிறது.

இவ்வளவு நீளம் எதற்கு என்று தம்பி மகள் கேட்டாள். விக்டோரியா காலத்து உடுப்பில் இருந்த வழிகாட்டி அம்மாள் அதற்குப் பதில் சொன்ன விதம் எனக்குப் பிடித்திருந்தது. வாயால் விளக்காமல் எங்களைக் கூப்பிட்டு ஒரு கயிறு திரிக்க வைத்தார். ஒரு கோடியில் மூன்று கொக்கி உள்ள கைச்சக்கரம். மறுகோடியில் ஒரே கொக்கி உள்ள சிறு வண்டி. நடுவே மூன்று இழைக்கொத்துகள். தம்பி மகள் சக்கரத்தைச் சுற்றச் சுற்ற மூன்றும் தனித்தனியாக முறுக்கேறின. அப்படி முறுகிய ஒவ்வொன்றும் ஒரு புரி. முறுக்கு ஏற ஏறப் புரி குறுகும். வண்டி தானாகவே எங்களை நோக்கி ஊர்ந்து வந்தது. யாரும் தள்ளவில்லை. என் கைக்குக் கீழே அந்தப் புரிகள் வீணைத் தந்தி மாதிரி அதிர்ந்தன.

பிறகு ஒரு மரக்கட்டையைக் கொண்டுவந்தார். கூம்பு வடிவம், பக்கவாட்டில் மூன்று பள்ளம். மூன்று புரியும் மூன்று பள்ளத்தில் உட்கார்ந்தன. ஒற்றைக் கொக்கியை எதிர்த்திசையில் சுற்ற ஆரம்பித்ததும் கட்டைக்குப் பின்னால் கயிறு பிறந்தது. அதைப் பிறந்தது என்றுதான் சொல்ல வேண்டும். ஒவ்வொரு புரியும் தன் முறுக்கைப் பிரித்துக்கொண்டு ஓடப் பார்க்கிறது. ஓடுகிற திசையில் மற்ற இரண்டும் வந்து கட்டிப்பிடிக்கின்றன. நூலை வலமாக நூற்கிறார்கள். புரியை இடமாக முறுக்குகிறார்கள். கயிற்றை மறுபடி வலமாகத் திரிக்கிறார்கள். ஒன்று அவிழப் பார்ப்பதே இன்னொன்றை இறுக்குகிறது. பசை இல்லை, முடிச்சு இல்லை. அந்தக் கட்டையைப் பின்னாலிருந்து கயிறே தள்ளிக்கொண்டு போகிறது!

வலமாகத் திரித்த கயிற்றை இடமாகச் சுருட்டினால் ஒவ்வொரு சுற்றிலும் அதன் முறுக்கோடு சண்டை போடுகிறோம். அது முண்டு முண்டாகச் சுருண்டு எங்கேயாவது சிக்கும். வீட்டுக் கொடியில் சிக்கினால் துணி கீழே விழும், அவ்வளவுதான். நடுக்கடலில் பாயை இறக்க வேண்டிய நேரத்தில் கப்பியில் சிக்கினால்? அப்பா சத்தம் போட்டது அதற்குத்தான். நான் கொஞ்ச நேரம் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றேன். வழிகாட்டி அம்மாள் வெயில் மயக்கமோ என்று நினைத்துத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார்.

கூடத்தின் நீளத்துக்கு வருகிறேன். திரிக்கத் திரிக்க நீளத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு முறுக்குக்குள் போய்விடும். நங்கூர வடம் ஒன்றுக்கு 120 பாகம், அதாவது 720 அடி வேண்டும் என்றால், இழையை ஆயிரம் அடிக்கு மேல் இழுத்துக் கட்ட இடம் வேண்டும். அதனால்தான் கட்டடம் இப்படி. இங்கே கட்டி 1765-ல் நீரில் இறக்கிய விக்டரி என்ற போர்க்கப்பலுக்கு மொத்தம் 31 மைல் கயிறு என்றார் அவர். 50 கிலோமீட்டர். தூத்துக்குடியில் ஒரு முனையைக் கட்டினால் மறுமுனை திருநெல்வேலியில் இருக்கும். ஒரே ஒரு கப்பலுக்கு!

அந்தக் காலத்துக் கடற்படைக் கயிறு கஞ்சா இனச் செடியின் நாரிலிருந்து வந்தது. போதை இல்லாத வகை. ரஷ்யப் பக்கத்திலிருந்து பால்டிக் கடல் வழியாக மூட்டை மூட்டையாக வரும். ஆணிகள் பதித்த பலகையில் அதைத் தலைமுடி சீவுவது போலச் சீவி, திமிங்கில எண்ணெய் தடவி நூற்பார்கள். பின்னால் மணிலா நார் வந்தது. அது வாழைக் குடும்பத்துச் செடி என்று தெரிந்ததும் நான் அந்த நாரை எடுத்து முகர்ந்தேன். பூக்கட்டும் வாழைநாரின் வாசம் துளிகூட இல்லை. ஆனால் விரலில் அதே வழவழப்பு. கடற்படைக் கயிற்றின் உள்ளே ஒரே ஒரு நிற நூலைச் சேர்த்துத் திரிப்பார்களாம், திருடி விற்றால் அடையாளம் தெரிவதற்காக. சாத்தமுக்கு மஞ்சள். கயிற்றின் எந்த இடத்தில் வெட்டினாலும் மஞ்சள் தெரியும்.

1860-களில் நூற்கும் இயந்திரங்கள் வந்தபோது பெண்களை வேலைக்கு எடுத்திருக்கிறார்கள். ஆண்கள் கண்ணில் படாமல் வந்துபோக அவர்களுக்குத் தனி வாசல். கயிறு எந்தக் கப்பலில் எந்த இடத்துக்குப் போகிறது என்று அந்தப் பெண்களிடம் யாராவது சொல்லியிருப்பார்களா என்று யோசித்துக்கொண்டே வந்தேன்.

மதியம் தம்பி மனைவி கட்டிக்கொடுத்த எலுமிச்சை சாதம், ஆற்றங்கரை நிழலில். தேநீர் 3 பவுண்டு 10 பென்ஸ். சூடான பால் கிடையாதா என்று கேட்டதற்குக் கடைப் பையன் அவ்வளவு பணிவாக மன்னிப்புக் கேட்டான், ஏன் கேட்டோம் என்றாகிவிட்டது. நாங்கள் திரித்த கயிற்றில் ஒரு முழம் வெட்டித் தம்பி மகளிடம் கொடுத்தார்கள். ராத்திரி தலையணைக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டு தூங்குகிறாள்.

13 ஆகஸ்ட், செவ்வாய் – கிரீனிச்

விக்டரி கப்பல் இப்போது இருப்பது போர்ட்ஸ்மவுத்தில். பெரிய பழுதுபார்ப்பு நடக்கிறது, சாரம் கட்டி மூடியிருக்கிறார்கள் என்று தம்பி சொன்னதால் அந்தப் பயணத்தை விட்டுவிட்டோம். அதற்குப் பதிலாக லண்டனில் 'கட்டி சார்க்' என்ற கப்பல்.

1869-ல் ஸ்காட்லாந்தின் டம்பார்ட்டனில் கட்டிய தேயிலைக் கப்பல். சீனத் தேயிலையை லண்டனுக்கு முதலில் கொண்டுவரப் போட்டி போட்டு ஓடிய கப்பல்களில் ஒன்று. அந்த வருஷமே சூயஸ் கால்வாயும் திறந்துவிட்டது. நீராவிக் கப்பல்கள் குறுக்கே போக ஆரம்பித்ததால், இவள் பிற்பாடு ஆஸ்திரேலியாவிலிருந்து கம்பளி ஏற்றினாள். தரையிலிருந்து மூன்று மீட்டர் தூக்கி நிறுத்தியிருக்கிறார்கள். அடிப்பகுதியின் பித்தளை நிறத் தகட்டுக்குக் கீழே நின்று அண்ணாந்து பார்க்கலாம். 2007-ல் தீப்பிடித்தது. பராமரிப்புக்காகப் பாய்மரங்களையும் கயிறுகளையும் முன்பே கழற்றி வைத்திருந்ததால் அவை தப்பின.

பெரிய பாய்மரம் 46 மீட்டர் உயரம். கயிறும் கம்பியுமாக மொத்தம் 11 மைல். கம்பி என்று எழுதியதற்குக் காரணம் உண்டு. பாய்மரத்தைப் பக்கவாட்டிலும் முன்னும் பின்னும் அசையாமல் பிடித்து நிற்கும் கட்டுகள் இந்தக் கப்பலில் இரும்புக் கம்பி வடங்கள். 1869-லேயே நார் அந்த வேலையை இரும்பிடம் கொடுத்துவிட்டது. மனிதக் கை தொட்டு இழுக்கும் கயிறுகள் மட்டும் நாராக மிஞ்சின. கம்பி வடத்தைத் தொட்டுப் பார்த்தேன். குளிர்ந்து விறைத்திருந்தது. எனக்கு அதில் மனம் ஒட்டவில்லை.

ஆனால் கப்பலின் ஓரம் நெடுக வரிசையாகச் செருகியிருந்த மரப்பிடிகள் இருக்கிறதே, அங்கே நான் முக்கால் மணி நேரம் நின்றேன். பூரிக்கட்டையின் கைப்பிடி மாதிரி ஒவ்வொன்றும். மேலேயிருந்து இறங்கி வரும் ஒவ்வொரு கயிறும் தனக்குரிய பிடியில் எட்டு வடிவத்தில் சுற்றி நிற்கிறது. பாய் தொங்கும் விட்டக்கட்டையை ஏற்றுவது ஒன்று. விட்டத்தைக் காற்றுக்கு ஏற்பத் திருப்புவது ஒன்று. பாயின் கீழ்முனையை இழுத்துப் பிடிப்பது ஒன்று. பாயைச் சுருக்கி மேலே தூக்குவதற்கே ஒரு டஜன். எந்தக் கயிறுக்கு எந்தப் பிடி என்பது கப்பலுக்குக் கப்பல் பெரும்பாலும் ஒரே ஒழுங்கில் இருக்கும். புதிதாக ஏறிய மாலுமியும் கும்மிருட்டில், மழையில், கையால் எண்ணிக்கொண்டே போய்ச் சரியான கயிற்றைப் பிடித்துவிடுவான். தவறான கயிற்றை அவிழ்த்தால் மேலே விட்டத்தில் நிற்பவன் விழுவான்.

தம்பி மகள் கண்ணை மூடிக்கொண்டு எண்ணிப் பார்த்தாள். ஐந்தாவது பிடியில் ஒரு ஜப்பானியப் பெரியவர் மேல் மோதினாள். அவர் குனிந்து வணங்கி வழிவிட்டு, பிறகு தானும் கண்ணை மூடி எண்ண ஆரம்பித்தார்.

தலைக்கவசம் மாட்டிக்கொண்டு சிலர் கயிற்றேணியில் ஏறினார்கள், அதற்குத் தனிச் சீட்டு. எங்களுக்கு அன்றைக்கு இடம் கிடைக்கவில்லை. அவள் முகம் சுண்டிப்போனது. கிரீனிச் சந்தையில் எத்தியோப்பியக் கடையில் இன்ஜெரா வாங்கிக் கொடுத்துச் சமாதானம் செய்தேன். இரண்டு நாள் புளித்த மாவில் ஒரு பக்கம் மட்டும் வெந்த தோசை மாதிரி, மேலே பருப்பும் கீரையும். 10 பவுண்டு. இந்த ஊரில் வந்து சாப்பிட்டதிலேயே வயிற்றுக்கு இதமாக இருந்தது இதுதான்.

14 ஆகஸ்ட், புதன் – வீடு

துணி துவைத்தேன். தூத்துக்குடியில் இருக்கும் சித்தப்பாவைக் கூப்பிட்டேன். அவரும் தோணிக்காரர், எண்பத்தொன்று நடக்கிறது. பாயை ஏற்றும் கயிறுக்கு நாம் என்ன சொல்வோம் என்று கேட்டேன்.

"ஆஞ்சான்."

"கீழ்முனையைப் பிடிச்சு இழுக்கிறது?"

"தாமான். தாமானை விட்டா பாய் படபடன்னு அடிக்கும், பிடிச்சா ஓடும். ஒங்கப்பன் தாமான்ல நின்னா தண்டல் போய்ப் படுத்துக்கிடுவாரு."

பாய் தொங்கும் விட்டம் பருமல். இந்த மூன்று சொல்லையும் நான் சின்ன வயதில் கேட்டிருக்கிறேன். எது எது என்று இன்றைக்குத்தான் தெரியும். தண்டல் என்றால் தோணியின் கேப்டன் என்று தம்பி மகளுக்குச் சொல்ல வேண்டியிருந்தது. அவள் நான்கையும் நோட்டில் எழுதிக்கொண்டாள், ஆங்கில எழுத்தில்.

15 ஆகஸ்ட், வியாழன் – ரயிலில்

லண்டனிலிருந்து ஹார்ட்டில்பூலுக்கு நேர் ரயில். மூன்று மணி நேரத்துக்குக் கொஞ்சம் கூட. மதியம் போய்ச் சேர்ந்து அங்கே இருக்கும் பழைய பாய்மரக் கப்பலைப் பார்த்துவிடலாம் என்று திட்டம். கிங்ஸ் கிராஸ் பலகையில் எங்கள் ரயிலுக்கு நேரே 'ரத்து' என்று இருந்தது. ரயில் கம்பெனி ஆளிடம் கேட்டால் கைபேசிச் செயலியைப் பார்க்கச் சொன்னார். செயலியைப் பார்த்தால் ஆளைக் கேட்கச் சொன்னது. கடைசியில் டார்லிங்டன் போகும் வேறொரு வண்டியில் ஏறி, கதவுக்குப் பக்கத்தில் பெட்டியின் மேல் உட்கார்ந்துகொண்டோம்.

கூட்டத்தில் யாரும் முணுமுணுக்கவில்லை, அதுதான் எனக்கு வியப்பு. நம் ஊராக இருந்தால் இந்நேரம் பெட்டிக்குள் ஒரு மாநாடு நடந்திருக்கும். யார்க் தாண்டியதும் ஒரு பாட்டி எழுந்துவந்து, "குழந்தை உட்காரட்டும், நான் அடுத்ததில் இறங்குகிறேன்" என்றார். அவர் அடுத்ததில் இறங்கவில்லை. நின்றுகொண்டே டார்லிங்டன் வரைக்கும் வந்தார். இறங்கும்போது கைப்பையிலிருந்து சீஸ் போட்ட ஸ்கோன் ஒன்றை எடுத்து இரண்டாகப் பிட்டு எங்களுக்குக் கொடுத்தார். உப்பும் காரமும் சேர்ந்த பன் மாதிரி. அருமை.

டார்லிங்டனில் மாறி, தார்னபியில் மறுபடி மாறி, ஹார்ட்டில்பூல் சேர்ந்தபோது மணி ஏழு. இந்தப் பக்கம் எல்லோரும் எல்லோரையும் 'பெட்' என்கிறார்கள். செல்லம் என்று அர்த்தம். டாக்சிக்காரர், கடைக்காரப் பெண், ரோட்டைக் காட்டிய பையன் எல்லோருக்கும் நான் பெட். ஐம்பத்தாறு வயதில் ஒரே மாலையில் இத்தனை பேர் செல்லம் என்று கூப்பிட்டது மனசுக்கு நன்றாகத்தான் இருந்தது.

ராத்திரிச் சாப்பாடு பார்மோ. இந்த வட்டாரத்துக்கே உரியது. கோழியைத் தட்டையாக அடித்து, ரொட்டித்தூளில் புரட்டிப் பொரித்து, மேலே வெள்ளைக் குழம்பும் சீஸும் ஊற்றிச் சுட்டுத் தருகிறார்கள். அரைப் பார்மோ 8 பவுண்டு. அரையே தட்டைத் தாண்டித் தொங்கியது. இரண்டு பேரும் சேர்ந்து பாதிக்கு மேல் முடிக்க முடியவில்லை. தங்கும் விடுதி ஒரு இரவுக்கு 58 பவுண்டு. ஜன்னலைத் திறந்தால் கடல் வாசம். கென்ட்டில் வெந்தவளுக்கு இங்கே கம்பளி தேவைப்பட்டது.

16 ஆகஸ்ட், வெள்ளி – ஹார்ட்டில்பூல்

இந்தப் பயணமே இந்தக் கப்பலுக்காகத்தான். பெயர் ட்ரிங்கமலீ. நம் திருகோணமலை.

1782-ல் திருகோணமலைக் கடலில் ஆங்கிலேயரும் பிரெஞ்சுக்காரரும் மோதிய சண்டையின் நினைவாக வைத்த பெயர். கட்டியது பம்பாயில். இங்கிலாந்தில் ஓக் மரத்துக்குத் தட்டுப்பாடு வந்த காலம் என்பதால் நம் பக்கத்துத் தேக்கைத் தேடி வந்தார்கள். வரைபடங்களை ஜாவா என்ற கப்பலில் அனுப்பினார்கள். 1812 கடைசியில் அந்தக் கப்பலை அமெரிக்கர்கள் பிடித்து அழித்துவிட்டார்கள். மறுபடி இன்னொரு பிரதி அனுப்ப வேண்டியிருந்தது. 1816-ல் அடிமரம் போட்டபோது பார்சி தலைமைத் தச்சர் ஜம்செட்ஜி பொமன்ஜி வாடியா ஒரு வெள்ளி ஆணியை அடித்து ஆரம்பித்தார். 1817 அக்டோபர் 12 அன்று நீரில் இறங்கியது. பிற்காலத்தில் பயிற்சிக் கப்பலாக இருந்தபோது ஃபூத்ராயான் என்று வேறு பெயர். 1987-ல் இங்கே கொண்டுவந்து பத்து வருஷத்துக்கு மேல் பழுது பார்த்து, பழைய பெயரையும் திருப்பிக் கொடுத்தார்கள். இருநூறு வருஷம் தாண்டியும் மிதக்கிறது. தேக்கு!

மேல்தளத்தில் ஏறியதும் கட்டி சார்க்கில் இல்லாத ஒன்று மூக்கில் பட்டது. தார் வாசம். ரோட்டுக்குப் போடும் தார் இல்லை, பைன் மர வேரைச் சுட்டு எடுப்பது. புகைபோட்ட கருப்பட்டிக்குப் பக்கத்தில் வரும் வாசம். இங்கே பாய்மரத்தைத் தாங்கும் கட்டுகளும் கயிறுதான். என் மணிக்கட்டைவிடத் தடிமன், கறுத்து, மினுமினுத்து.

அந்தக் கட்டுகள் கப்பலின் ஓரத்தில் வந்து முடியும் இடத்தில் உருண்டையான மரக்கட்டைகள் ஜோடி ஜோடியாக இருக்கின்றன. ஒவ்வொன்றிலும் மூன்று துளை. மேலே ஒன்று, கீழே ஒன்று, இரண்டுக்கும் நடுவே சிறுகயிறு ஆறு தடவை ஏறி இறங்கி இறுக்கிப் பிடிக்கிறது. பெயர் டெட்-ஐ. உரித்த தேங்காயின் மூன்று கண் அப்படியே. தம்பி மகளிடம் சொன்னதும் சிரித்துக்கொண்டே வரிசையாகத் தேங்காய் எண்ணினாள். நார்க்கயிறு புதிதாக இருக்கும்போது நீளும், மழையில் சுருங்கும். ஒவ்வொரு முறையும் இந்தச் சிறுகயிற்றைத் தளர்த்தியோ இறுக்கியோ பாய்மரத்தை நேர்நிறுத்த வேண்டும். கப்பல் மரத்தால் செய்தது என்று சொல்கிறோம். இங்கே நின்று பார்த்தால் கயிறுதான் கப்பலாகத் தெரிகிறது. மரம் அதைக் கட்டிவைக்க ஓர் இடம்.

பின்பக்கத்தில் ஒரு பெரியவர் ஸ்டூலில் உட்கார்ந்து வேலை செய்துகொண்டிருந்தார். எழுபது வயது இருக்கும். தொண்டர், சம்பளம் கிடையாது. வாரத்தில் இரண்டு நாள் வருகிறார். ஒரு தடித்த கயிற்றை இரண்டு முனையிலும் இழுத்துக் கட்டி அதற்கு உடுப்பு மாட்டிக்கொண்டிருந்தார். முதலில் புரிகளுக்கு நடுவே இருக்கும் பள்ளத்தில் சிறு சரடு ஒன்றைக் கயிற்றின் முறுக்கோடு ஓடவிட்டு மட்டமாக்கினார். அதன் மேல் தார் பூசிய துணிப்பட்டையை, அதுவும் முறுக்கோடு. கடைசியில் மெல்லிய சரட்டை நெருக்கமாக, இம்முறை முறுக்குக்கு எதிராக. அதற்கென்று சுத்தியல் மாதிரி ஒரு மரக்கட்டை, தலையில் பள்ளம். அதைக் கயிற்றின் மேல் வைத்துச் சுற்றச் சுற்ற, ஒவ்வொரு சுற்றும் 'நறுக்' என்று இறுகிப் பக்கத்துச் சுற்றோடு ஒட்டி உட்கார்ந்தது. மழைத்தண்ணீர் உள்ளே புகவே முடியாது. அரை மணி நேரத்தில் ஒரு சாண் நீளம் முடிந்திருந்தது. அவசரமே இல்லை அவரிடம்.

அப்பா தோணியில் இருந்தவர் என்று சொன்னேன். கட்டையைக் கீழே வைத்தார். கப்பல் எப்படி இருக்கும், எத்தனை பாய், என்ன கயிறு என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். தேங்காய் நார்க்கயிறு என்றதும், "அது மிதக்கும் இல்லையா? உப்புத்தண்ணீரில் சீக்கிரம் மக்காது" என்று அவரே சொன்னார். கப்பலின் பெயரை நான் திருகோணமலை என்று சொல்லிக் காட்டினேன். திரு, கோணம், மலை. மலையுச்சியில் கோணேஸ்வரர் கோயில், கீழே கடல். மூன்று முறை சொல்லிப் பார்த்தார். மூன்றாவது முறை 'ழ'வே இல்லாத ஊர்ப்பெயர் என்பதால் ஏறக்குறைய சரியாகவே வந்தது.

தம்பி மகள் நோட்டைத் திறந்து நான்கு சொல்லையும் வாசித்தாள். ஆஞ்சான் எது என்று கேட்டு, எழுந்து போய் அந்தக் கயிற்றைப் பிடித்துக் காட்டினார். தாமான் எது? அதையும். பிறகு பிடியிலிருந்து ஒரு கயிற்றின் உபரி நீளத்தை எடுத்து என் கையில் கொடுத்து, சுருட்டி மாட்டச் சொன்னார். நான் வலப்பக்கமாகச் சுற்றினேன். ஒரு சுற்று, இரண்டு சுற்று, ஒன்பது சுற்று. முண்டு விழவில்லை. வாங்கிப் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் பிடியில் மாட்டினார். திருத்தவில்லை.

அந்தச் சந்தோஷத்தில் திரும்பும்போதுதான், 'ஈரத் தார், தொடாதீர்கள்' என்ற அட்டையைப் பார்க்காமல் ஓரத்துக் கட்டில் சாய்ந்துவிட்டேன். இரண்டு உள்ளங்கையும் கறுப்பு, துப்பட்டாவின் ஒரு முனையும் கறுப்பு. சோப்புக்கு அசையவில்லை. விடுதிக்கார அம்மாள் என் கையைப் பார்த்துவிட்டுக் குளிர்பெட்டியிலிருந்து மார்ஜரின் டப்பாவை எடுத்து வந்தார். "எங்கப்பா மீன்பிடிப் படகில் இருந்தார் பெட், தண்ணீர் போதாது, கொழுப்புதான்" என்று சொல்லிக்கொண்டே என் விரல் ஒவ்வொன்றாகப் பிடித்துத் தேய்த்துவிட்டார். எங்கள் வீட்டில் அதற்குத் தேங்காயெண்ணெய். அம்மா வாசல்படியில் உட்கார்ந்து அப்பாவின் கைக்கு இதே மாதிரிதான் தேய்ப்பாள். விடுதிக்கார அம்மாள் காசு வாங்க மறுத்துவிட்டார்.

17 ஆகஸ்ட், சனி – திரும்பும் வழி

இன்றைக்கு நேர் ரயில் ஓடியது. உட்கார இடமும் கிடைத்தது. துப்பட்டா முனையில் கறை அப்படியே இருக்கிறது. பிளாஸ்டிக் பையில் சுற்றி வைத்திருந்தும் பெட்டி முழுக்க அந்த வாசம்.

யார்க் தாண்டியதும் தம்பி மகள் பையிலிருந்து சாத்தம் கயிற்றை எடுத்தாள். முனைக்கட்டை அவிழ்த்து, புரி புரியாகப் பிரித்துவிட்டாள். பிரிந்த மூன்று புரியும் முழத்தைத் தாண்டி நீண்டு, மடியில் பாம்பு மாதிரி நெளிந்து கிடந்தன. திரும்பச் சேர்க்கத் தெரியாமல் தலைமுடி பின்னுவது போலப் பின்ன ஆரம்பித்தாள்.

"அது சடை. கயிறு இல்லை."

"அப்ப எப்படி அத்தை?"

ஒரு முனையை யாராவது பிடிக்க வேண்டும். இரண்டு பேர் கை போதவில்லை. எதிர் சீட்டில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தவர் எங்களைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பேப்பரை மடித்து வைத்துவிட்டு, கேட்காமலேயே கையை நீட்டி முடிச்சுள்ள முனையைப் பிடித்துக்கொண்டார். ஒரு புரியை இந்தப் பக்கம் நன்றாக முறுக்கு, அவிழ விடாதே, அப்படியே அந்தப் பக்கமாக மற்றதன் மேல் போடு, அடுத்ததை எடு. நான் சொல்லச் சொல்ல அவள் போட்டாள். முதல் நாலைந்து சுற்று தளர்ந்து நின்றது. பிரித்து மறுபடி போட்டாள். நடுவில் அவர் பக்கத்தில் வந்து உட்கார்ந்த பெண்ணுக்கும் விளக்கம் சொன்னாள், ஆஞ்சான் தாமான் உட்பட.

பீட்டர்பரோ வரும்போது கயிறு பழையபடி ஒரு முழத்துக்கு வந்திருந்தது. அவர் முனையைத் திருப்பிக் கொடுத்துவிட்டுப் பேப்பரை எடுத்தார்.